பாட்டு எழுதிப் பிழைக்க முடியுமா? விருது வாங்கிய பாடலாசிரியர்கள் வந்த வழி

புதுச்சேரியில் அரசு விழா என்றால் தமிழ்த்தாய் வாழ்த்தில்தான் தொடங்கும். தமிழ்நாட்டில் பாடப்படுவது மனோன்மணீயம் சுந்தரனார் எழுதியது. புதுச்சேரியில் பாடப்படுவது வேறு பாட்டு. அதை எழுதியவர் பாரதிதாசன்.

சபையே எழுந்து நின்று கேட்கும் பாட்டை எழுதியவர், சாகித்ய அகாடமி விருதுப் பட்டியலில் இருப்பவர், சினிமாவுக்கும் எழுதியவர். ஆனால் மாசம் பொறந்தா அவர் வீட்டுக்கு வந்த பணம் பாட்டிலிருந்து வந்ததில்லை. அது பள்ளிக்கூட வாத்தியார் சம்பளம். ஒரு வருஷம், ரெண்டு வருஷம் இல்லை, 37 ஆண்டுகள்.

பகலில் ஐடி வேலை, ராத்திரி ஹெட்போனை மாட்டிக்கொண்டு மெட்டுக்கு வரி தேடுவது என்று வாழும் இளைஞர்கள் இன்று ஏராளம். அவர்கள் எல்லோருக்கும் ஒரே கேள்விதான்: வேலையை விட்டுடலாமா? விருது வாங்கிய பாடலாசிரியர்கள் எப்படி வந்தார்கள் என்று வரிசையாகப் பார்த்தால் இதற்குப் பதில் கிடைக்கிறது. அவர்களைத் தாங்கிப் பிடித்தவை மூன்று: ஒரு சம்பளம், ஓர் ஆசான், எழுதியதன் மேல் ஓர் உரிமை. மூன்றும் எல்லோருக்கும் வாய்க்கவில்லை. விருது மட்டும் எல்லோருக்கும் கடைசியில்தான் வந்தது.

கருவடிக்குப்பத்தில் உறங்கும் வாத்தியார்

கதையைப் புதுச்சேரியிலிருந்தே தொடங்கலாம். ஊரின் வடக்கே கருவடிக்குப்பம் இடுகாட்டில் சங்கரதாஸ் சுவாமிகளின் நினைவிடம் இருக்கிறது. தமிழ் நாடக உலகின் தலைமை ஆசிரியர் என்று போற்றப்படுபவர். புதுச்சேரி அரசு சிறந்த தமிழ்ப் படத்துக்கு வழங்கும் விருதும் அவர் பெயரில்தான் இருக்கிறது.

1867-ல் தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். முதலில் பார்த்தது உப்புப் பண்டகசாலையில் கணக்கு எழுதும் வேலை. அதை விட்டுவிட்டு நாடகத்துக்கு வந்தார். நடித்தார், பாட்டு எழுதினார், பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னார். வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன் என்று இன்றும் கிராமத்துத் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கும் நாடகங்களுக்குப் பின்னால் இருப்பது அவர் எழுத்து.

1918-ல் மதுரையில் சிறுவர்களை வைத்து தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவைத் தொடங்கினார். டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கேதான் பாடம் படித்தார்கள். ஊர் ஊராகப் போகும் கம்பெனி அது. அப்படி வந்த இடத்தில்தான், 1922 நவம்பர் 13-ம் தேதி, புதுச்சேரியில் காலமானார்.

அந்தக் காலத்தில் பாட்டு எழுதுவது தனித் தொழில் இல்லை. நாடக வாத்தியார் வேலையில் அதுவும் ஒரு பகுதி. கம்பெனி ஓடினால் சாப்பாடு, சம்பளம். கம்பெனி படுத்தால் அடுத்த கம்பெனி. பாட்டு மட்டும் எழுதியவர் கையை விட்டுப் போய்விடும். அடுத்த செட்டு நடிகர்கள் அதைப் பாடுவார்கள், அதற்கு அடுத்த செட்டும் பாடும். ஒவ்வொரு முறை பாடும்போதும் எழுதியவருக்கு ஏதாவது சேரணும் என்ற ஏற்பாடு எதுவும் கிடையாது.

பெருமாள் கோயில் தெருவின் அரசு ஊழியர்

சுவாமிகள் கம்பெனியோடு ஊர் சுற்றிய காலத்திலேயே, புதுச்சேரியில் இன்னொருவர் வேறு வழியில் போய்க்கொண்டிருந்தார். 1891 ஏப்ரல் 29-ல் பிறந்த சுப்புரத்தினம். பிற்காலத்தில் பாரதிதாசன்.

1909-ல் பிரெஞ்சு அரசின் பள்ளியில் தமிழாசிரியராகச் சேர்ந்தார். முதல் வேலை காரைக்காலை அடுத்த நிரவியில். 1946-ல் ஓய்வு பெறும்வரை அந்த வேலையை அவர் விடவில்லை.

ஏன் விடவில்லை என்பதைப் புரிந்துகொள்ள, பக்கத்திலேயே நடந்த ஒரு விஷயத்தைப் பார்க்க வேண்டும். 1908-ல் ஆங்கிலேயர் பிடியிலிருந்து தப்பி பாரதியார் புதுச்சேரிக்கு வந்தார். இங்கிருந்து அச்சான 'இந்தியா' பத்திரிகை ஆங்கிலேயர் ஆண்ட பகுதிக்குள் நுழையத் தடை வந்தது. சந்தாதாரர்கள் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான். பத்திரிகை நின்றது, வருமானமும் நின்றது. 1918 வரை பத்து ஆண்டுகள் பாரதியார் இங்கே வாழ்ந்தபோதுதான் அவருடைய பெரும் படைப்புகள் பல பிறந்தன. வறுமையும் கூடவே இருந்தது. எழுத்தை மட்டும் நம்பிய ஒரு மேதையின் வீட்டில் அடுப்பு எப்படி எரிந்தது என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர் சுப்புரத்தினம்.

அவர் பாரதியை ஆசானாக ஏற்றார், பெயரையே மாற்றிக்கொண்டார். அரசு வேலையை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். 1937-ல் வந்த 'பாலாமணி அல்லது பக்காத் திருடன்' படத்துக்கு எழுதியபோதும் அவர் வாத்தியார்தான். எல்லிஸ் ஆர்.டங்கன் இயக்கிய 'கவி காளமேகம்' 1940-ல் வந்தபோதும் வாத்தியார்தான். சினிமாவில் கால் வைத்து ஒன்பது ஆண்டுகள் கழித்து, வயதாகி ஓய்வு பெற்றே வெளியே வந்தார்.

ஓய்வு பெற்ற அதே 1946-ல் சென்னையில் பெரிய விழா. அண்ணா முன்னின்று திரட்டிய 25,000 ரூபாய் பொற்கிழி அவருக்கு வழங்கப்பட்டது. அந்தக் காலத்தில் அது பெரிய தொகை. அப்போது அவருக்கு வயது 55.

அதற்குப் பிறகுதான் சினிமா அவரை அதிகம் தேடியது. அவருடைய காவியம் 1950-ல் 'பொன்முடி' என்று படமானது. 1951-ல் வந்த 'ஓர் இரவு' படத்தில் அவருடைய பாட்டு இடம்பெற்றது. எழுபது ஆண்டு தாண்டியும் ரியாலிட்டி ஷோ மேடைகளில் அந்தப் பாட்டு ஒலிக்கிறது. 1955-ல் புதுச்சேரி சட்டமன்றத்துக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

கடைசிக் காலத்தில் அவர் செய்த ஒரு காரியம், வேலையை விட நினைக்கும் எவரும் கவனிக்க வேண்டியது. சென்னைக்குக் குடிபோய், 'பாரதிதாசன் பிக்சர்ஸ்' என்று சொந்தக் கம்பெனி ஆரம்பித்து, தன் 'பாண்டியன் பரிசு' காவியத்தைப் படமாக்கப் பார்த்தார். படம் வரவே இல்லை. 1964 ஏப்ரல் 21-ல் சென்னையில் காலமானார். எழுதியே வந்தவர், முதலாளியாக மாறிய இடத்தில்தான் சறுக்கினார்.

விருது? 'பிசிராந்தையார்' நாடகத்துக்காக 1969-ம் ஆண்டுக்கான சாகித்ய அகாடமி விருது. அவர் இறந்து ஐந்து ஆண்டுகள் கழித்து. 'பஞ்சவர்ணக்கிளி', 'கலங்கரை விளக்கம்' ஆகிய படங்களில் அவர் கவிதைகள் பாட்டாகி ஹிட் ஆனது 1965-ல். அதையும் அவர் கேட்கவில்லை.

சிஷ்யனாக வந்தவர்கள்

பெருமாள் கோயில் தெரு 95-ம் எண் வீடு இன்று பாரதிதாசன் அருங்காட்சியகம். ஒரு காலத்தில் அது கவிதை எழுத ஆசைப்பட்ட இளைஞர்கள் தேடி வந்த வீடு.

தஞ்சைப் பக்கம் பழையனூரிலிருந்து ராஜகோபாலன் என்ற இளைஞர் வந்தார். ஆசான் மேல் இருந்த பற்றில் 'சுப்புரத்தினதாசன்' என்று பெயர் வைத்துக்கொண்டார். அதைச் சுருக்கினால் சுரதா. 1949-ல் 'மங்கையர்க்கரசி' படத்துக்கு வசனம் எழுதினார். 'தை பிறந்தால் வழி பிறக்கும்', 'நீர்க்குமிழி' படங்களில் அவர் பாட்டுகள் நிலைத்துவிட்டன.

இன்னொருவர் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம். 1930-ல் செங்கப்படுத்தான்காட்டில் பிறந்தவர். பள்ளிப் படிப்பு அதிகம் இல்லை. விவசாயம், மாடு மேய்ப்பு, மாம்பழ வியாபாரம், இட்லி வியாபாரம், உப்பளம், நாடக நடிப்பு என்று கிடைத்த வேலையெல்லாம் பார்த்தவர். புதுச்சேரிக்கு வந்து பாரதிதாசனிடம் இருந்து யாப்பும் சொல்லும் கற்றுக்கொண்டார். இன்றைய மொழியில் சொன்னால், பெரிய ஆளிடம் இன்டர்ன்ஷிப்.

அங்கிருந்து கோடம்பாக்கம். 'படித்த பெண்' படத்துக்கு முதல் பாட்டு. பிறகு 'பாசவலை', 'நாடோடி மன்னன்', 'கல்யாண பரிசு'. வயக்காட்டில் வேலை செய்தவரின் பேச்சை அப்படியே மெட்டுக்குள் உட்கார வைத்தார். 1959 அக்டோபர் 8-ல் இறந்தபோது வயது 29.

அவருக்கு விருது வந்தது 1981-ல். 22 ஆண்டுகள் கழித்து. அந்த விருதும் யார் பெயரில் என்று பார்க்க வேண்டும்: ஆசான் பாரதிதாசன் பெயரில் தமிழக அரசு வழங்கிய விருது. அதைப் போய் வாங்கியவர் அவருடைய மனைவி.

இருவரின் எழுத்துகளும் பின்னர் நாட்டுடைமை ஆயின. பாரதிதாசனுடையது 1991-ல், பட்டுக்கோட்டையாருடையது 1993-ல். நாட்டுடைமை என்றால் அரசு குடும்பத்துக்கு ஒரு தொகையை ஒரே முறை கொடுக்கும். அதன் பிறகு யார் வேண்டுமானாலும் அச்சிடலாம், யாருக்கும் ராயல்டி தர வேண்டாம்.

தேசிய விருது: நாலு பேர், நாலு பாதை

திரைப்படப் பாடலாசிரியருக்கான தேசிய விருது 1968-ம் ஆண்டுப் படங்களிலிருந்துதான் தரப்படுகிறது. முதல் விருதே தமிழுக்கு வந்தது. தமிழில் இந்த விருதைப் பெற்றவர்கள் நான்கு பேர்.

கண்ணதாசன் ('குழந்தைக்காக', 1968): சிறுகூடல்பட்டியில் பிறந்தவர், எட்டாம் வகுப்பு வரை படித்தவர். பத்திரிகை ஆசிரியர் வேலை பார்த்துவிட்டு, சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் கதை இலாகாவுக்குப் போனார். முதல் பாட்டு 1949-ல் 'கன்னியின் காதலி'. தேசிய விருது வர 19 ஆண்டுகள். இடையில் சொந்தமாகப் படம் எடுத்தார். 'மாலையிட்ட மங்கை' ஓடியது, 'கவலை இல்லாத மனிதன்' கடனில் தள்ளியது. அந்தக் கடன் கதையை ஒளிக்காமல் அவரே எழுதியும் வைத்தார். 1978-ல் அரசவைக் கவிஞர் ஆனார், 'சேரமான் காதலி' நாவலுக்காக சாகித்ய அகாடமி விருதும் பெற்றார்.

வைரமுத்து (ஏழு முறை): வைகை அணைக்காக மூழ்கிய மெட்டூரிலிருந்து வடுகபட்டிக்குக் குடிபெயர்ந்த குடும்பம். பச்சையப்பன் கல்லூரியில் எம்.ஏ. தமிழ். 1972-லேயே முதல் கவிதைத் தொகுப்பு. படித்து முடித்ததும் ஆட்சிமொழி ஆணையத்தில் சட்ட நூல்களை மொழிபெயர்க்கும் அரசு வேலை. 1980-ல் 'நிழல்கள்' படத்தில் முதல் பாட்டு, 1985-ல் 'முதல் மரியாதை' படத்துக்கு முதல் தேசிய விருது. பிறகு 'ரோஜா', 'கருத்தம்மா'-'பவித்ரா', 'சங்கமம்', 'கன்னத்தில் முத்தமிட்டால்', 'தென்மேற்குப் பருவக்காற்று', 'தர்மதுரை'. இந்த நாலு பேரில் முதல் பாட்டுக்கும் முதல் விருதுக்கும் இடைவெளி மிகக் குறைவு இவருக்குத்தான்: ஐந்து ஆண்டுகள்.

பா.விஜய் ('ஆட்டோகிராப்', 2004): இயக்குநர் கே.பாக்யராஜிடம் வந்து சேர்ந்தவர். 1996-ல் 'ஞானப்பழம்' படத்தில் தொடங்கி, எட்டாவது ஆண்டில் விருது.

நா.முத்துக்குமார் ('தங்க மீன்கள்', 2013, 'சைவம்', 2014): காஞ்சிபுரம் கன்னிகாபுரத்துக்காரர். இயற்பியல் படித்துவிட்டு எம்.ஏ. தமிழுக்கு மாறியவர். சினிமாப் பாட்டு பற்றியே முனைவர் பட்ட ஆய்வு செய்தவர். இயக்குநராகும் ஆசையில் பாலுமகேந்திராவிடம் உதவியாளராகச் சேர்ந்தார். 2000-ல் சீமான் இயக்கிய 'வீரநடை'யில் பாட்டு எழுதி, அந்தப் பக்கமே போய்விட்டார். சுமார் 16 ஆண்டுகளில் 1,500-க்கும் மேற்பட்ட பாட்டுகள். அடுத்தடுத்து இரண்டு ஆண்டு தேசிய விருது. 2016 ஆகஸ்ட் 14-ல் 41 வயதில் மறைந்தார்.

நாலு பேர் கதையையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சில விஷயங்கள் தெரியும். பாட்டு வாய்ப்பு வரும்வரை யாரும் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. பத்திரிகை, அரசு மொழிபெயர்ப்பு, உதவி இயக்குநர் என்று எழுத்துக்குப் பக்கத்திலேயே ஒரு வேலையில் இருந்தார்கள். முதல் பாட்டை வாங்கித் தந்தது பட்டமோ பரிசோ இல்லை, அருகில் இருந்த ஓர் இயக்குநரோ இசையமைப்பாளரோ கொடுத்த ஒரு வாய்ப்பு. முதல் பாட்டுக்கும் முதல் விருதுக்கும் நடுவில் ஐந்து முதல் 19 ஆண்டுகள். அந்த ஆண்டுகளை ஓட்ட வேறு ஏதாவது வேண்டியிருந்தது.

இன்ஜினீயர், புரொபசர், வக்கீல்

இன்றைய இளைஞர்களுக்கு இன்னும் நெருக்கமான கதைகளும் உண்டு.

தாமரை கோவையில் பொறியியல் படித்து, சில ஆண்டுகள் அங்கேயே இன்ஜினீயராக வேலை பார்த்தவர். பிறகு சென்னை வந்து பத்திரிகைகளில் எழுதினார். 1998-ல் 'இனியவளே' படத்தில் தொடக்கம், 2001-ல் 'மின்னலே' பெரிய திருப்பம். ஆண்களே நிறைந்திருந்த இந்தத் துறையில் நிலைத்து நின்று, மாநில அரசு விருதும் வாங்கினார்.

மதன் கார்க்கி ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியலில் முனைவர் பட்டம் பெற்றவர். அண்ணா பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திக்கொண்டே 'எந்திரன்' படத்துக்கு எழுதினார். வேலையை விட்டது அதற்கும் சில ஆண்டுகள் கழித்து, 2013-ல். 'மெர்சல்' பாட்டுகளால் பரவலாகத் தெரியவந்த விவேக் ஒரு வழக்கறிஞர்.

வேலையை விட்டுட்டு வந்து ஜெயிச்சவங்க கதைதான் மேடைகளில் அதிகம் பேசப்படும். மேலே உள்ளவர்களைப் பார்த்தால், முதலில் பாட்டு ஓடியது, பிறகுதான் வேலை போனது. பாரதிதாசன் செய்ததும் கிட்டத்தட்ட அதுதான்.

நாஷ்வில் வரை போய்ப் பார்த்தால்

அமெரிக்காவின் 'கன்ட்ரி' இசைக்கு நம்மூர் தெம்மாங்கு மாதிரி ஒரு மண் வாசனை. வயல், லாரி ஓட்டம், உடைந்த காதல், ஞாயிற்றுக்கிழமை தனிமை என்று சாதாரண வாழ்க்கையைப் பாடும். டென்னசி மாநிலத்தின் நாஷ்வில்தான் அதன் கோடம்பாக்கம்.

அங்கும் கதை பெரிதாக மாறுவதில்லை. கிறிஸ் கிறிஸ்டோபர்சன் ஆக்ஸ்போர்டில் ரோட்ஸ் உதவித்தொகையில் படித்தவர், ராணுவத்தில் கேப்டன். 1965-ல் ராணுவத்தை விட்டு நாஷ்வில் வந்து, கொலம்பியா ரெக்கார்டிங் ஸ்டுடியோவில் தரை கூட்டும் வேலைக்குச் சேர்ந்தார். கடலில் இருக்கும் எண்ணெய்க் கிணறுகளுக்கு ஹெலிகாப்டரும் ஓட்டினார். 1970-ல் அவர் எழுதிய பாட்டு, கன்ட்ரி மியூசிக் அசோசியேஷனின் 'ஆண்டின் சிறந்த பாடல்' விருதை வென்றது. அந்த விருது பாடியவருக்கு இல்லை, எழுதியவருக்கு.

ஆனால் நாஷ்வில்லில் இரண்டு விஷயங்கள் நம்மிடம் இருந்ததில்லை. ஒன்று, மியூசிக் பப்ளிஷிங் கம்பெனிகள். நம்பிக்கை தரும் இளம் பாடலாசிரியரை ஒப்பந்தம் போட்டு எடுத்து, மாதா மாதம் ஒரு தொகை கொடுப்பார்கள். அது சம்பளம் இல்லை. பின்னால் வரப்போகும் ராயல்டியில் கழித்துக்கொள்ளும் முன்பணம். பாட்டு ஹிட் ஆகும்வரை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் அது உதவும்.

இரண்டாவது, உரிமை. டாலி பார்ட்டன் எழுதி 1974-ல் வெளியிட்ட ஒரு பாட்டைப் பாட எல்விஸ் பிரெஸ்லி ஆசைப்பட்டார். எல்விஸின் மேனேஜர் வைத்த நிபந்தனை: பாட்டின் பப்ளிஷிங் உரிமையில் பாதி வேண்டும். பார்ட்டன் முடியாது என்று சொல்லிவிட்டார். உலகப் புகழ் பெற்ற பாடகரின் குரலை இழந்தாலும் பரவாயில்லை என்ற முடிவு அது. 1992-ல் 'தி பாடிகார்ட்' படத்துக்காக விட்னி ஹூஸ்டன் அதே பாட்டைப் பாட, அது உலகம் முழுக்க ஓடியது. எழுதியவருக்கு வரவேண்டிய பங்கு முழுசாக வந்தது.

சரி, நம்ம ஊர்ல சட்டம் என்ன சொல்லுது?

இந்தியாவில் நீண்ட காலம் நடைமுறை எளிமையானது: எழுதிக் கொடு, ஒரு தொகை வாங்கிக்கொள், முடிந்தது. 1977-ல் உச்ச நீதிமன்றமும் ஒரு தீர்ப்பில், படத்துக்காகக் காசு கொடுத்து எழுத வைத்தால், வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், தயாரிப்பாளர்தான் அதன் முதல் உரிமையாளர் என்றது. பாட்டு ரேடியோவில் ஆயிரம் முறை ஓடினாலும் எழுதியவருக்கு அதில் பங்கு கிடைப்பது அரிது.

2012-ல் நிலைமை மாறியது. கவிஞர் ஜாவேத் அக்தர் நாடாளுமன்றத்தில் உறுப்பினராக இருந்து வாதாடிய பதிப்புரிமைத் திருத்தச் சட்டம் அந்த ஆண்டு ஜூன் 21-ல் நடைமுறைக்கு வந்தது. அதன் சாரம் இதுதான்:

* பாட்டின் உரிமையைத் தயாரிப்பாளருக்கோ ஆடியோ கம்பெனிக்கோ எழுதிக் கொடுத்தாலும், ராயல்டியில் சம பங்கு கேட்கும் உரிமை பாடலாசிரியரிடமே இருக்கும்.

* தியேட்டரில் படத்தோடு சேர்ந்து பாட்டு ஓடுவதற்கு இது பொருந்தாது. டிவி, ரேடியோ, ஸ்ட்ரீமிங், ஓட்டல், மேடைக் கச்சேரி போன்ற மற்றப் பயன்பாடுகளுக்குப் பொருந்தும்.

* இந்த ராயல்டி உரிமையை வாரிசுகளுக்கோ, வசூலித்துத் தரும் பதிப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்க முடியாது. 'ராயல்டி வேண்டாம்' என்று ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டாலும் அந்த வரி செல்லாது.

* எழுதியவர் வாழும் காலம் முழுக்கவும், இறந்த பிறகு 60 ஆண்டுகளும் பதிப்புரிமை நீடிக்கும்.

வசூலிப்பது யார்? 1969-ல் தொடங்கப்பட்ட ஐபிஆர்எஸ் என்ற சங்கம். பாடலாசிரியர்கள், இசையமைப்பாளர்கள், பப்ளிஷர்கள் இதில் உறுப்பினர்கள். புதிய சட்டத்தின் கீழ் 2017 நவம்பரில் இது மீண்டும் பதிவு பெற்றது. பாட்டைப் பயன்படுத்தும் நிறுவனங்களிடம் கட்டணம் வாங்கி உறுப்பினர்களுக்குப் பிரித்துக் கொடுப்பது இதன் வேலை.

இதில் ஒரு சிக்கல் உண்டு. யார் எழுதியது என்ற விவரம் பதிவில் இருந்தால்தான் பணம் சரியான ஆளுக்குப் போகும். ஸ்ட்ரீமிங் ஆப்களில் பாடகர் பெயர், நடிகர் பெயர், படத்தின் பெயர் எல்லாம் இருக்கும்; எழுதியவர் பெயர் பல நேரம் இருக்காது. இதைக் கண்டித்து 2020-ல் இந்திப் பாடலாசிரியர்கள் 15 பேர் சேர்ந்து ஒரு பாட்டே எழுதி வெளியிட்டார்கள். பெயர் விடுபடுவது மரியாதைக் குறைவு மட்டும் இல்லை, வருமானக் குறைவும்கூட.

இன்றைக்கு ஒருவர் தொடங்கினால்…

புதுச்சேரியிலிருந்து கோடம்பாக்கம் ஈசிஆர் வழியாக மூன்று மணி நேரப் பயணம்தான். மெட்டு இப்போது வாட்ஸ்அப்பில் வருகிறது, வரி வாய்ஸ் நோட்டாகப் போகிறது. ஆனாலும் மேலே பார்த்த பாதைகளிலிருந்து எடுத்துக்கொள்ள இன்னும் சில விஷயங்கள் இருக்கின்றன.

வேலை: சம்பளம் வரும் வேலை எழுத்துக்கு எதிரி இல்லை. எழுத்துக்குப் பக்கத்தில் இருக்கும் வேலை கிடைத்தால் இன்னும் நல்லது. பாட்டு வருமானம் தொடர்ந்து வருகிறதா என்று சில ஆண்டுகள் பார்த்துவிட்டு முடிவெடுத்தவர்களே அதிகம் தாக்குப்பிடித்திருக்கிறார்கள்.

பயிற்சி: சந்தம், யாப்பு, மெட்டுக்குள் சொல்லை உட்கார வைப்பது எல்லாம் கற்றுக்கொள்ள வேண்டிய தொழில்நுட்பம். பட்டுக்கோட்டையார் அதற்காகப் புதுச்சேரி வந்தார், முத்துக்குமார் ஆய்வே செய்தார். திறமை மட்டும் போதும் என்று இருவருமே நினைக்கவில்லை.

ஒப்பந்தம்: குறும்படமோ, தனிப்பாடலோ, நண்பரின் ஆல்பமோ, எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும். பார்க்க வேண்டியவை நான்கு: எவ்வளவு தொகை, எப்போது தருவார்கள், எல்லாத் தளங்களிலும் பாடலாசிரியர் பெயர் வருமா, ராயல்டி பற்றி என்ன எழுதியிருக்கிறது. 'ஃபிரெண்டுதானே' என்று விட்டால், பாட்டு ஹிட் ஆனபிறகு கேட்பது கஷ்டம்.

பதிவு: எழுதிய பாட்டு வெளியானதும் ஐபிஆர்எஸ் உறுப்பினராகச் சேர்ந்து, ஒவ்வொரு பாட்டையும் பெயரில் பதிவு செய்ய வேண்டும். சட்டம் உரிமை கொடுத்திருக்கிறது என்பதற்காகப் பணம் தானாக வங்கிக் கணக்குக்கு வந்துவிடாது.

சொந்தப் படம்: பாரதிதாசனும் கண்ணதாசனும் படத் தயாரிப்பில் கை வைத்த கதை மேலேயே இருக்கிறது. பாட்டில் வந்த பெயரையும் பணத்தையும் அங்கே போடுவதற்கு முன் இரண்டு முறை யோசிக்கலாம்.

ஆக, பாட்டு எழுதிப் பிழைக்க முடியுமா? சங்கரதாஸ் சுவாமிகள் காலத்தைவிட, பட்டுக்கோட்டையார் காலத்தைவிட, இன்று முடியும் வாய்ப்பு அதிகம். அன்றைக்கு அவர்களிடம் இல்லாத ஒரு சட்டம் இன்று இருக்கிறது. ஆனால் விருதை நம்பிப் பட்ஜெட் போட முடியாது. தேசிய விருதுக்குப் படத்தை அனுப்பி வைப்பதுகூடத் தயாரிப்பாளர் தரப்புதான், பாடலாசிரியர் கையில் அது இல்லை. ராயல்டிக்கான உறுப்பினர் படிவத்தை நிரப்ப வேண்டியது மட்டும் எழுதியவர்தான்.